காலி என்றால் கழற்றிக் காட்டுங்கள்

ஸ்கூபா சிலிண்டரை, அதாவது கடலுக்குள் மூழ்குகிறவர்கள் மூச்சுவிட முதுகில் மாட்டிக்கொள்ளும் காற்று உருளையை, விமானத்தில் கொண்டுபோகலாமா என்று கேட்கிறவர்களுக்கு முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். காற்று நிரப்பிய சிலிண்டர் கூடவே கூடாது. கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. காலி சிலிண்டர் போகலாம். ஆனால் வால்வை முழுசாகக் கழற்றி, வாய் திறந்திருந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்பதை எதிரில் நிற்பவர் தன் கண்ணாலேயே பார்க்க முடிந்தால்தான். அதற்குப் பிறகும் விமான நிறுவனம் சரி என்று சொல்ல வேண்டும்.

இவ்வளவுதான் விஷயம் என்றால் இதை வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிடலாம். அனுப்பியும் பார்த்தாயிற்று. யாரும் ஒத்துக்கொள்வதில்லை. "காத்தைத் திறந்துவிட்டுட்டா முடிஞ்சுதே, வால்வை எதுக்குக் கழட்டணும்?" என்று திரும்பக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி இப்போது நிறைய வருகிறது. தேவகோட்டை, காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்த ஊரை எடுத்தாலும் தெருவுக்கு நாலு பேர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கப்பலேறிக் கொண்டுவிற்கப் போனவர்களின் பேரன் பேத்திகள் இன்று திருச்சியில் விமானம் ஏறிப் போகிறார்கள். அங்கே லீவு கிடைத்தால் தியோமான் தீவுப் பக்கம் போய் டைவிங் கற்றுக்கொள்கிறார்கள். கற்றுக்கொண்டதும் கை அரிக்கும், சொந்தமாகச் சாமான் வாங்கத் தோன்றும். என் சித்தப்பா மகனுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஊரைவிட்டுப் போகிற யாரோ ஒருவர் தன்னுடைய சிலிண்டரைப் பாதி விலைக்குத் தருகிறார் என்று படம் அனுப்பினான். "அண்ணே, பெட்டியில போட்டுக் கொண்டாந்துரவா? கேஜ்ல ஜீரோ காட்டுது, கேட்டா காமிச்சுக்கலாம்ல?"

கேஜில், அதாவது சிலிண்டரின் அழுத்தம் காட்டும் மானியில், ஜீரோ காட்டுகிறது என்பது அவனுக்குச் சரி. எனக்கும் சரி. நாங்கள் இரண்டு பேரும் டைவர்கள். செக்-இன் கவுண்டரில் இருக்கும் பெண் டைவர் இல்லை, அவர் கையில் கேஜும் இல்லை. நாம் காட்டுகிற கேஜ் நம்முடையது. அது சரியாக வேலை செய்கிறதா, வால்வைத் திறந்துதான் மாட்டியிருக்கிறோமா என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? மூடிய வால்வின் மேல் கேஜை மாட்டினால் உள்ளே 200 பார் இருந்தாலும் ஜீரோதான் காட்டும். (பார் என்பது அழுத்தத்தின் அளவு, நம்மைச் சுற்றியிருக்கும் காற்று ஏறக்குறைய ஒரு பார்.)

எடையை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்பார்கள். டைவிங் சென்டர்களில் சாதாரணமாகக் கிடைக்கும் அலுமினிய சிலிண்டர் 11 லிட்டர் கொள்ளளவு, 207 பார் அழுத்தம். வெறும் சிலிண்டரே 14 கிலோவுக்கு மேல் இருக்கும். அதற்குள் நிரம்பியிருக்கும் காற்றின் எடை இரண்டரைக் கிலோவை ஒட்டித்தான் வரும். மாடலுக்கு மாடல் சிலிண்டர் எடையே கிலோக் கணக்கில் மாறும்போது, தூக்கிப் பார்த்து உள்ளே காற்று இருக்கிறதா என்று சொல்ல முடியாது. எக்ஸ்-ரேயிலும் அதே கதைதான். கனமான உலோகச் சுவருக்குள் இருக்கும் காற்று திரையில் தெரியாது, நிரம்பிய சிலிண்டரும் காலி சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஆக, வால்வு மாட்டிய சிலிண்டரைப் பார்த்து அது காலி என்று முடிவு செய்ய அவருக்கு இருக்கும் ஒரே ஆதாரம் நம்முடைய வாய்ச்சொல். வால்வைக் கழற்றிவிட்டால் அந்த வாய்ச்சொல்லே தேவைப்படாது. வாய் திறந்த பாத்திரத்தில் அழுத்தம் நிற்காது என்பது யாருக்கும் தெரியும்.

வாய்ச்சொல்லை நம்பக் கூடாதா என்று வருத்தப்படுகிறவர்கள் 1996 மே 11ஆம் தேதி நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேல்யூஜெட் 592 என்ற விமானம் அமெரிக்காவில் மயாமியிலிருந்து அட்லாண்டாவுக்குக் கிளம்பியது. அதன் சரக்கறையில் ஐந்து பெட்டிகளில் ஆக்ஸிஜன் ஜெனரேட்டர்களை ஏற்றியிருந்தார்கள். பயணிகளின் தலைக்கு மேலிருந்து முகமூடி தொங்கினால் அதற்கு ஆக்ஸிஜன் கொடுக்கும் கருவி அது. ரசாயன வினையில் ஆக்ஸிஜன் தரும், தரும்போது பயங்கரமாகச் சூடேறும். காலாவதியானவை என்று வேறு விமானங்களிலிருந்து கழற்றியவை அவை. கழற்றியபோது போட வேண்டிய பாதுகாப்பு மூடியை யாரும் போடவில்லை. பல ஜெனரேட்டர்கள் வேலை செய்யும் நிலையிலேயே இருந்தன. ஆனால் கூடவந்த சீட்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "காலி". விமானம் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் சரக்கறை தீப்பிடித்தது. அந்தத் தீக்குத் தேவையான ஆக்ஸிஜனை அந்தக் கருவிகளே ஊட்டின. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்து, உள்ளே இருந்த 110 பேரும் இறந்துபோனார்கள்.

அது ஸ்கூபா சிலிண்டர் இல்லை, கருவியே வேறு. ஆனால் "காலி" என்று ஒருவர் எழுதினார், அடுத்தவர் அதை நம்பி ஏற்றினார், திறந்து யாரும் சரிபார்க்கவில்லை. இதைப் படித்த பிறகு, கவுண்டரில் என்னைத் துருவித் துருவிக் கேள்வி கேட்கிற எந்த ஊழியர் மீதும் எனக்குக் கோபம் வந்ததில்லை.

அழுத்தம் நிரம்பிய சிலிண்டர் வெடித்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு நிகழ்வு இருக்கிறது. 2008 ஜூலை 25 அன்று ஹாங்காங்கிலிருந்து மெல்போர்னுக்குப் போய்க்கொண்டிருந்த குவாண்டாஸ் 747 விமானத்தில், விமானத்துக்கே சொந்தமான அவசரகால ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று முன்பக்கச் சரக்கறையில் வெடித்தது. விமானத்தின் வயிற்றுப் பக்கம் இரண்டு மீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. சிலிண்டர் மேல்நோக்கிப் பாய்ந்து, பயணிகள் இருக்கும் தளத்தைப் பிய்த்துக்கொண்டு போய், கதவின் கைப்பிடியில் மோதி, கூரையை இடித்து, வந்த வழியே கீழே விழுந்து ஓட்டை வழியாக வெளியே போய்விட்டது. விமானத்தில் 365 பேர் இருந்தார்கள். மணிலாவில் பத்திரமாக இறக்கினார்கள், ஒருவருக்கும் அடிபடவில்லை. 2010இல் வெளியான ஆஸ்திரேலிய விசாரணை அறிக்கை, அந்தச் சிலிண்டர் ஏன் வெடித்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது, ஏனென்றால் சிலிண்டரே கையில் கிடைக்கவில்லை. முறையாகப் பரிசோதித்து, முறையாக மாட்டி வைத்த சிலிண்டருக்கே இந்தக் கதி. அப்படியிருக்க, யாரிடமோ பாதி விலைக்கு வாங்கி, சட்டை வேட்டிக்கு நடுவே சுருட்டி வைத்த சிலிண்டரை யார் எப்படி நம்புவார்கள்?

இங்கே ஒரு தவறான கருத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் படித்தவர்களே அதைச் சொல்கிறார்கள். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் சிலிண்டர் வெடிக்கும், அதனால்தான் தடை என்பது அந்தக் கருத்து. சரக்கறையிலும் பயணிகள் இருக்கும் இடத்தைப் போலவே அழுத்தம் காக்கப்படுகிறது. அது போய்விட்டால்கூட வெளியே குறையக்கூடியது அதிகபட்சம் ஒரு பார். உள்ளே 200 பார் இருக்கும்போது ஒரு பார் கூடுவதும் குறைவதும் கணக்கிலேயே வராது. நம்மூர் வெயிலில் காரின் டிக்கியில் வைத்தால் இதைவிட அதிகம் ஏறும். 30 டிகிரியில் 200 பார் இருக்கிற சிலிண்டர் 60 டிகிரிக்குப் போனால் 220 பாரைத் தொடும். அதையும் சிலிண்டர் தாங்கும், அமெரிக்கத் தரத்தில் செய்த 207 பார் சிலிண்டரை 345 பார் வரை ஏற்றித்தான் சோதிக்கிறார்கள். பயம் எங்கே என்றால் தீயில். சரக்கறையில் வேறு எதுவோ தீப்பிடித்து, அந்தச் சூட்டில், அழுத்தம் மிஞ்சினால் உடைந்து காற்றை வெளியே விடுகிற பாதுகாப்புத் தகடு உடைந்து, இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் காற்று தீயின் மேல் கொட்டினால் என்ன ஆகும்? அலுமினியமும் சூட்டில் பலம் இழக்கும், 177 டிகிரிக்கு மேல் சூடேறிய சிலிண்டரை அமெரிக்க விதிப்படி கழித்துக்கட்டியாக வேண்டும். இன்னொரு பயம் அடிபடுவதில். ஏற்றும்போதோ இறக்கும்போதோ கீழே விழுந்து வால்வின் கழுத்து முறிந்தால் சிலிண்டர் ராக்கெட்டாகப் பாயும். கீழே நின்று பெட்டி தூக்குகிறவர்களும் மனிதர்கள்தானே.

விதி எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ ஆபத்தான பொருள்களுக்கான தொழில்நுட்பக் கையேடு வைத்திருக்கிறது. அதை ஒட்டி விமான நிறுவனங்களின் சங்கமான ஐஏடிஏ ஆண்டுதோறும் விதிநூல் வெளியிடுகிறது. அழுத்தப்பட்ட காற்றுக்கு அதில் யுஎன் 1002 என்று எண், பச்சை வைரச் சின்னம். நிரம்பிய சிலிண்டரைக் கார்கோவாக, அனுப்புநர் உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் எழுதி, அதற்குப் பயிற்சி பெற்றவர் மூலம் அனுப்ப வழி இருக்கிறது. பயணியின் பெட்டியில் வழி இல்லை. இதில் அளவும் கணக்கில்லை. கையடக்கமாக ஒரு குட்டிச் சிலிண்டர் வருகிறது, அவசரத்துக்குக் கொஞ்சம் மூச்சு தரும். "இது தண்ணி பாட்டில் சைஸ்தானே" என்று அதைக் கைப்பையில் போட்டு வருகிறார்கள். அதற்கும் இதே விதிதான். லைஃப் ஜாக்கெட்டில் இருக்கும் சின்னக் குப்பிக்கும் நோயாளியின் ஆக்ஸிஜனுக்கும் விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு விலக்கு உண்டு என்பதைக் கேள்விப்பட்டு, நமக்கும் அது பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம்.

சரி, எனக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை? என்னிடம் ஒரு சின்ன சிலிண்டர் இருக்கிறது. பெரிய சிலிண்டரோடு கூடவே பக்கத்தில் மாட்டிக்கொள்வது, 5.7 லிட்டர், ஏழு கிலோ வரும். கீழே எதுவும் கோளாறு ஆனால் அதைவைத்து மேலே வந்துவிடலாம். பெரிய சிலிண்டர் எந்த டைவிங் சென்டரிலும் வாடகைக்குக் கிடைக்கும், பெரும்பாலும் டைவ் கட்டணத்திலேயே அடக்கம். இந்தச் சின்னது எல்லா இடத்திலும் கிடைக்காது. அதனால் அந்தமானுக்குப் போகும்போது அதை எடுத்துப்போக முடிவு செய்தேன்.

முதலில் விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல். "வால்வு கழற்றப்பட்ட, வாய் திறந்த, காலியான அலுமினிய ஸ்கூபா சிலிண்டர் ஒன்று, இத்தனை கிலோ, செக்-இன் பெட்டியில்" என்று அச்சு அசலாக விதியின் மொழியிலேயே எழுதிப் படமும் இணைத்தேன். ஆக்ஸிஜன் சிலிண்டர் என்று மட்டும் எழுதவே கூடாது. நம் செய்தித்தாள்கள் முத்துக்குளிப்பவர் முதல் கடற்படை வீரர் வரை எல்லார் முதுகிலும் ஆக்ஸிஜன் சிலிண்டரைத்தான் மாட்டிவிடுகின்றன. நாம் சுவாசிப்பது சாதாரணக் காற்று, ஐந்தில் ஒரு பங்குதான் அதில் ஆக்ஸிஜன். ஆக்ஸிஜன் என்றால் தீயைத் தூண்டும் பொருள் என்று வேறு வகையில் சேரும், வேறு சின்னம், வேறு பதற்றம். பதில் வந்தது, அனுமதி உண்டு என்று. அதை அச்செடுத்து வைத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முதல்நாள் சாயங்காலம் வளவில் உட்கார்ந்து காற்றைத் திறந்துவிட்டேன். இது பொறுமை வேண்டிய வேலை. படாரென்று திறந்தால் வால்வும் சிலிண்டரும் சில்லிட்டுப் போகும், ஈரம் கோக்கும். கால்வாசித் திருப்பு திருப்பி, சன்னமாகச் சீறுகிற அளவுக்கு விட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தொட்டால் வால்வு ஐஸ் மாதிரி இருந்தது, வெளிப்பக்கம் முழுக்கப் பனித்துளி. உள்ளேயிருந்து அப்பத்தா, "யாரடா அது, கேஸ் போகுது பாரு, அடுப்பை அமத்து" என்று சத்தம் போட்டார்கள். "அடுப்பு கேஸ் இல்ல அப்பத்தா, வெறும் காத்து" என்றேன். நம்பவில்லை. வந்து பக்கத்தில் நின்று மோந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

சீற்றம் சுத்தமாக நின்ற பிறகும் வால்வை முழுசாகத் திறந்தபடியே இரவெல்லாம் விட்டுவைத்தேன். காலையில்தான் கழற்றினேன். அழுத்தம் துளி இருந்தாலும் வால்வின் மரையில் கை வைக்கக் கூடாது, உயிர் போகிற விஷயம். இதில் பழக்கம் இல்லாதவர்கள் டைவிங் சென்டரிலேயே கழற்றித் தரச் சொல்ல வேண்டும், வெல்டிங் பட்டறையில் கொடுத்துக் குறடு போட்டுத் திருகச் சொல்லக் கூடாது. அழுத்தம் போய்விட்டால் வால்வு பெரிய முரண்டு பண்ணாது, ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் லேசாகத் தட்டினால் இளகிவிடும், மீதியைக் கையாலேயே திருகி எடுக்கலாம். வால்வின் கழுத்தில் காற்று கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையம், ஒரு கறுப்பு ஓ-ரிங், அடியில் விரல் நீளக் குழாய். அதைத் துணியில் சுற்றித் தனியாக வைத்தேன். சிலிண்டரின் வாய்க்கு மேல் மெல்லிய துணியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன், தூசி போகாமலும் இருக்கும், ஒரு நொடியில் எடுத்துக் காட்டவும் முடியும். திருகு மூடி போடக் கூடாது. போட்டால் மறுபடியும் மூடிய பாத்திரம் ஆகிவிடும், கழற்றியதற்கே அர்த்தமில்லை.

சென்னை விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் தங்கை வயது இருக்கும். பெட்டியை பெல்ட்டில் வைப்பதற்கு முன்னாலேயே நானாகச் சொல்லிவிட்டேன்.

"உள்ள ஒரு காலி ஸ்கூபா சிலிண்டர் இருக்கும்மா. வால்வு கழட்டியிருக்கு. பார்த்துக்கிறீங்களா?"

"காலின்னா, கொஞ்சம்கூட இல்லையா சார்?"

"நீங்களே டார்ச் அடிச்சுப் பாருங்க."

துணியை எடுத்தேன். அவர் செல்போன் டார்ச்சை அடித்து, ஒரு கண்ணை வாயருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அடிப்பக்கம் கிண்ணம் மாதிரி குழிந்து, சாம்பல் நிறத்தில் தெரியும், வேறொன்றும் இருக்காது. பார்த்துவிட்டு மேலதிகாரியைக் கூப்பிட்டார், அவரும் டார்ச் அடித்துப் பார்த்தார், அச்செடுத்த மின்னஞ்சலை வாசித்தார், பாதுகாப்புப் பிரிவுக்குப் போன் போட்டார். என்னைக் கொஞ்ச நேரம் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். பின்னால் வரிசையில் இருந்த ஒருவருக்குப் பொறுமை போய், "விடுங்கம்மா, காலியா இருக்கிறது தெரியுதுல்ல" என்று அந்தப் பெண்ணுக்கே புத்தி சொன்னார். அவர் பதட்டப்படாமல், "தெரியுது சார், ஆனா கேட்டுட்டுத்தான் போடணும்" என்றார். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. அந்த விமானத்தில் நானும்தானே போகிறேன்.

டைவர்களுக்கு வால்வு கழற்றுவது ஏன் பிடிக்காது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். சிலிண்டரை ஒருபோதும் சுத்தமாகக் காலி செய்யாதே என்றுதான் எங்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித்தருகிறார்கள். உள்ளே கொஞ்சம் அழுத்தம் இருந்தால் வெளி ஈரம் உள்ளே புகாது. ஈரம் புகுந்தால் ஸ்டீல் துருப்பிடிக்கும், அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். கழற்றினால் மறுபடி உள்ளே பார்த்துச் சோதிக்க வேண்டும், புது ஓ-ரிங் போட வேண்டும், சரியான இறுக்கத்தில் மாட்ட வேண்டும். ஆகவே டைவருக்குப் பழகிய ஒழுக்கமும் விமான விதியும் நேருக்கு நேர் மோதுகின்றன. தண்ணீரில் சிலிண்டரைக் காப்பது முதல் ஒழுக்கம், ஆகாயத்தில் மனிதரைக் காப்பது இரண்டாவது. இரண்டில் எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காரைக்குடியில் இருந்துகொண்டு அரிமானத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து இந்த ஊருக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், எங்களுக்கு எல்லாம் சிக்ரி, உலோகம் எப்படி அரித்துப்போகிறது என்பதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்கிறது. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். ஊர் திரும்பியதும் சிலிண்டரைக் கொண்டுபோய்க் காட்டினேன். கழுத்து மரையில் மெலிசாக வெள்ளை படிந்திருந்தது. "ஐயா, இது உப்பா?" என்றேன். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "உப்புத் தண்ணிதான் காரணம், ஆனா இது அலுமினிய ஆக்சைடு தம்பி. வால்வு பித்தளை, சிலிண்டர் அலுமினியம். ரெண்டு உலோகத்துக்கும் நடுவுல உப்புத் தண்ணி நின்னா அது ஒரு பேட்டரி. அலுமினியம் தன்னைக் கொடுத்துப் பித்தளையைக் காப்பாத்தும்." வருஷத்துக்கு ஒருமுறை வால்வைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்வது எதற்கு என்று எனக்கு அன்றுதான் முழுசாகப் புரிந்தது. கழற்றாமல் பல வருஷம் விட்ட வால்வு இந்தப் பொடியிலேயே இறுகிச் சிக்கிக்கொள்ளும். ஆக, விமானத்துக்காகக் கழற்றுவது சிலிண்டருக்கும் கெடுதல் இல்லை, மறுபடி மாட்டுகிறவர் தெரிந்தவராக இருந்தால்.

சித்தப்பா மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் வாங்க நினைத்தது பெரிய சிலிண்டர். வால்வைக் கழற்றிக்கொண்டு வந்தாலும் பெட்டியில் பாதி எடை அதற்கே போய்விடும். போகட்டும், அவன் எடைக்குப் பணம் கட்டுவான். நான் அவனிடம் கேட்டது வேறு. முதலில், கழுத்துப் பக்கம் குத்தியிருக்கும் எழுத்துகளைப் படம் எடுத்து அனுப்பு என்றேன். எந்த வருஷம் செய்தது, கடைசியாக எப்போது நீரழுத்தச் சோதனை செய்தது என்று அதில்தான் தெரியும். 1980களின் பிற்பகுதி வரைக்கும் 6351 என்ற அலுமினியக் கலவையில் செய்த சிலிண்டர்கள் வந்தன, சிலவற்றில் கழுத்தில் விரிசல் விட்டு வெடித்திருக்கின்றன. அதற்கப்புறம் வந்தவை பெரும்பாலும் 6061 கலவை. பழைய சாமானை மலிவு விலைக்கு வாங்குகிறவர்கள் இதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

அடுத்ததுதான் பெரிய கேள்வி. கொண்டுவந்து யாரிடம் காற்று நிரப்புவாய்? இந்தியாவில் அழுத்த வாயு சிலிண்டர்கள் 2016ஆம் ஆண்டின் எரிவாயு உருளை விதிகளுக்குக் கீழே வருகின்றன, வெடிபொருள், பெட்ரோலியப் பாதுகாப்பைக் கவனிக்கிற, நாக்பூரில் இருக்கும் பெசோ என்ற மத்திய அரசு அமைப்பு அதைப் பார்த்துக்கொள்கிறது. வெளிநாட்டிலிருந்து சிலிண்டர் இறக்கவும் அனுமதி வேண்டும், நிரப்புவதற்கும் அங்கீகரித்த சிலிண்டராக இருக்க வேண்டும். விமான நிறுவனம் விட்டாலும் சுங்கத்தில் கேள்வி வரலாம். அதைத் தாண்டினாலும் ஒழுங்கான டைவிங் சென்டர் எதுவும் ஊர் பேர் தெரியாத சிலிண்டரைத் தன் கம்ப்ரசரில் மாட்டாது, மாட்டவும் கூடாது.

"காரைக்குடில கேஸ் கடை இருக்குல்ல அண்ணே?" என்று கேட்டான். இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது. வெல்டிங்குக்குக் கொடுக்கிற ஆக்ஸிஜனை நிரப்பிக்கொண்டு தண்ணீருக்குள் போனால் ஆறு மீட்டர் ஆழத்திலேயே சுத்த ஆக்ஸிஜன் உடம்புக்கு நஞ்சாகும் எல்லை வந்துவிடும், வலிப்பு வரலாம், தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் பிழைப்பது கஷ்டம். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் காற்றில் எண்ணெய்ப் புகையும் கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கலாம். சுவாசிக்கிற காற்றுக்கு என்றே வடிகட்டி வைத்த கம்ப்ரசர்தான் வேண்டும். இதைப் போனிலேயே விலாவாரியாகச் சொன்னேன். நாலைந்து தடவை சொன்னேன். கடைசியில் சிலிண்டரை விட்டுவிட்டு, அந்தக் காசுக்கு, சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குக் கொடுக்கிற நல்ல ரெகுலேட்டர் ஒன்று வாங்கினான்.

அதுதான் சரியான முடிவு என்று நினைக்கிறேன். கூடவே எடுத்துப்போக வேண்டியது வாயில் வைக்கிற சாமான்: ரெகுலேட்டர், முகத்துக்குப் பொருந்துகிற மாஸ்க், அப்புறம் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடுகிற டைவ் கம்ப்யூட்டர். இவற்றைக் கைப்பையில் வைத்தால் தொலையாது, உடையாது. ஸ்கேனில் ரெகுலேட்டரைப் பார்த்துப் புருவம் உயர்த்துவார்கள், எடுத்துக் காட்டினால் போதும். கத்தி செக்-இன் பெட்டிக்குள். டைவிங் டார்ச்சை பேட்டரியைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும், ஏனென்றால் அந்த டார்ச்சுகள் தண்ணீருக்குள் குளிர்வதை நம்பிச் செய்தவை, துணிக்கு நடுவே தானாக எரிய ஆரம்பித்தால் பற்றிக்கொள்ளும். உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில் மட்டும்தான், 100 வாட்-அவருக்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டாம், முனைகளை டேப் ஒட்டி மூட வேண்டும். உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான் செக்-இன். அதில் அப்பத்தா கொடுத்தனுப்பும் சீப்புச் சீடைக்கும் மனகோலத்துக்கும் இடம் விட்டாக வேண்டும் என்பது தனிக் கணக்கு.

போன இடத்தில் வாடகைச் சிலிண்டர் வாங்கும்போது நாம்தான் அந்தக் கவுண்டர்ப் பெண். அவர்கள் நல்ல சிலிண்டர் என்று சொல்வார்கள், நாம் பார்க்க வேண்டும். கழுத்தில் சோதனைத் தேதி இருக்கிறதா, வெளியே ஆழமான கீறலோ பொரிந்த பெயின்ட்டோ இருக்கிறதா, வால்வைக் கொஞ்சம் திறந்து மோந்தால் எண்ணெய் வாடை அடிக்கிறதா என்று. ரெகுலேட்டரை மாட்டி, கேஜைப் பார்த்துக்கொண்டே நாலு மூச்சு இழுக்க வேண்டும். இழுக்கும்போது முள் கீழே விழுந்து விழுந்து எழுந்தால் வால்வு முழுசாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். எதிலாவது சந்தேகம் வந்தால் வேறு சிலிண்டர் கொடுங்கள் என்று கேட்கக் கூச்சப்படக் கூடாது.

அப்புறம் திரும்பி வருகிற விமானம். வால்வு கழற்றிக் காட்ட முடியாத ஒன்று அதில் ஏறுகிறது, நம் உடம்பு. தண்ணீருக்குள் அழுத்தத்தில் சுவாசித்த நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து நிற்கும், வெளியேற நேரம் பிடிக்கும். அதற்குள் விமானம் ஏறினால், சிலிண்டருக்கு ஒன்றும் செய்யாத அதே அழுத்தக் குறைவு நம் உடம்புக்குள் குமிழிகளைக் கிளப்பிவிடும், மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுபோகும். டைவர்களின் பாதுகாப்புக்கான டேன் அமைப்பு சொல்லும் கணக்கு, ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், அடுத்தடுத்த நாள்களில் பல டைவ் என்றால் 18 மணி நேரம், மேலே வரும் வழியில் நின்று நின்று வரவேண்டிய ஆழமான டைவ் என்றால் 18 மணி நேரத்தைவிட நன்றாகவே அதிகம். கவுண்டரில் இதை யாரும் கேட்க மாட்டார்கள். அந்தமானில் கடைசி டைவ் முடித்துக் காலை 11 மணிக்குப் படகில் ஏறினால், மறுநாள் காலை 5 மணிக்கு முன்னால் கிளம்புகிற எந்த விமானத்துக்கும் டிக்கெட் போடாதீர்கள்.